வாய்க்காலின் இரு கரைகள்

நுழையும்முன்

ஒரு நாட்டின் மொத்த வருமானம் உயர்ந்தால் அந்நாட்டு மக்கள் அனைவரின் வாழ்வும் உயர்ந்துவிடுமா? சிலர் மிகுதியாகப் பெறுவதும் பலர் குறைவாகப் பெறுவதும் வளர்ச்சிக்கு உரமாகுமா, தடையாகுமா? வளரும் நாடுகள் அனைத்தும் எதிர்கொள்ளும் இவ்வினாக்களைப் புதுச்சேரி என்னும் சிறு நகரின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரு நகரம், இரண்டு வாழ்வு

புதுச்சேரி நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு வாய்க்கால் செல்கிறது. நகரத்தார் அதனைப் ‘பெரிய வாய்க்கால்’ என்று அழைப்பர். 1674ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தார் இங்குக் காலூன்றினர். 1693 முதல் 1699 வரை இந்நகரம் டச்சுக்காரர் வசம் இருந்தது. நேர்கோட்டில் அமைந்த தெருக்களுக்கான திட்டம் அக்காலத்தில் வகுக்கப்பட்டதாகும். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். அது மீண்டும் எழுப்பப்பட்டபோதும் வாய்க்கால் வகுத்த எல்லை மாறவில்லை. கிழக்கே கடலோரமாக ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி ‘வெள்ளை நகரம்’ எனப்பட்டது. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி ‘கறுப்பு நகரம்’ எனப்பட்டது.

இப்பிரிவு நிறத்தோடு நின்றுவிடவில்லை. தமிழர் பகுதிக்குள்ளேயே பல படிநிலைகள் இருந்தன. பிரெஞ்சு ஆளுநருக்குத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கர் (1709–1761) பெருவணிகராகவும் வாழ்ந்தவர். அவர் 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு அக்கால வணிகத்தையும் அரசியலையும் நாள்தோறும் பதிவு செய்துள்ளது. அவரைப் போன்ற வணிகர் சிலர் மாளிகைகளில் வாழ, கப்பலேறிய துணிகளை நெய்தோரும் அவற்றுக்குச் சாயம் தோய்த்தோரும் கூரை வீடுகளில் வாழ்ந்தனர். புதுச்சேரியின் நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்று விற்பனையானது. துணி கடல் கடந்து சென்றது. அதன் பயனில் நெய்தவருக்குச் சேர்ந்த பங்கோ மிகச் சிறியது.

உருவாக்கப்படும் செல்வம் யார் யாரிடம் எவ்வளவு சேர்கிறது என்பதே வருவாய்ப் பங்கீடு. அப்பங்கீட்டில் காணப்படும் வேறுபாடே வருவாய் ஏற்றத்தாழ்வு. இது வறுமையினின்று வேறானது. வறுமை என்பது அடிப்படைத் தேவைகளை நிறைவு செய்ய இயலாத நிலை. ஏற்றத்தாழ்வு என்பது ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே உள்ள தொலைவு. வறுமை குறைந்துவரும் நாட்டிலும் ஏற்றத்தாழ்வு கூடிக்கொண்டே செல்லக்கூடும்.

சராசரி மறைக்கும் உண்மை

ஒரு நாட்டின் வளத்தை அளக்கத் தலா வருமானம் என்னும் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது அது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் தலா வருமானம் இந்தியச் சராசரியைவிட உயர்ந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 12.5 இலட்சம் பேர் வாழ்ந்தனர். எழுத்தறிவு 85 விழுக்காட்டைக் கடந்திருந்தது. இவை பெருமைக்குரிய எண்கள். ஆயினும் சராசரி என்பது அனைவரையும் ஒரே தட்டில் நிறுத்திக் காட்டும் கண்ணாடி. உள்ளே இருக்கும் மேடுபள்ளங்களை அது காட்டாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டு தெருக்கள் உள்ளதாகக் கருதுவோம். ஒவ்வொன்றிலும் ஐந்து குடும்பங்கள். முதல் தெருவின் மாத வருமானம் முறையே 16,000, 18,000, 20,000, 22,000, 24,000 ரூபாய். இரண்டாம் தெருவில் 4,000, 6,000, 8,000, 12,000, 70,000 ரூபாய். இரு தெருக்களிலும் மொத்த வருமானம் ஓர் இலட்சம் ரூபாய்; சராசரி 20,000 ரூபாய். சராசரியை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டாம் தெருவில் நான்கு குடும்பங்கள் அந்தச் சராசரியை எட்டவே இல்லை.

இவ்வேறுபாட்டை அளப்பதற்கு அறிஞர்கள் வழி கண்டனர். அமெரிக்கப் பொருளியலாளர் மேக்ஸ் லாரன்ஸ் 1905இல் வருவாய்ப் பங்கீட்டை வளைகோடாக வரைந்து காட்டினார். இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி 1912இல் அதனை ஒற்றை எண்ணாகச் சுருக்கினார். ‘கினிக் குறியீடு’ எனப்படும் அவ்வெண் 0 எனில் முழுச் சமநிலை. 1ஐ நெருங்க நெருங்க ஏற்றத்தாழ்வு மிகுதி. நாம் கண்ட முதல் தெருவின் குறியீடு 0.08, இரண்டாம் தெருவின் குறியீடு 0.55. சராசரி மறைத்த செய்தியை இவ்வெண் வெளிப்படுத்திவிடுகிறது.

ஏற்றத்தாழ்வு வளர்ச்சியின் விலையா?

ஏற்றத்தாழ்வு வளர்ச்சிக்குத் தேவையானதே என்று வாதிடுவோரும் உளர். செல்வர்கள் தம் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமிப்பர், அச்சேமிப்பு முதலீடாகும், முதலீடு தொழிலையும் வேலையையும் பெருக்கும், நாளடைவில் அதன் பயன் அனைவரையும் வந்தடையும் என்பது அவர்களது கருத்து. கூடுதலாக உழைப்போர்க்கும் புதியன படைப்போர்க்கும் கூடுதல் ஊதியம் கிடைத்தால்தான் ஊக்கம் பிறக்கும் என்பதும் அவர்களது வாதம்.

1955இல் சைமன் குஸ்நெட்ஸ் என்னும் பொருளியலாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். வேளாண்மையிலிருந்து தொழிலுக்கு ஒரு நாடு மாறும்போது முதலில் ஏற்றத்தாழ்வு கூடும். பின்னர் வளர்ச்சி முதிர்ந்தபோது குறையும் என்றார். வரைந்து பார்த்தால் இது கவிழ்த்துவைத்த கிண்ணம் போலத் தோன்றும். இதனைக் கொண்டு ‘முதலில் வளர்வோம், பிறகு பகிர்வோம்’ என்று பலர் முடிவு செய்தனர்.

உலக வரலாறு இம்முடிவை அப்படியே ஏற்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பான், தென்கொரியா, தைவான் ஆகியவை உழுதவருக்கு நிலத்தைப் பகிர்ந்தளித்தன. தொடக்கக் கல்வியை அனைவர்க்கும் உரியதாக்கின. அதன்பின் அவை விரைந்து வளர்ந்தன. பகிர்வு அங்கே வளர்ச்சிக்கு முன்னரே நிகழ்ந்தது. பிரேசிலிலோ 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் உற்பத்தி வியக்கத்தக்க வகையில் பெருகியது; ஏற்றத்தாழ்வும் உடன் பெருகியது. அந்நாடு உலகின் மிகுந்த ஏற்றத்தாழ்வுடைய நாடுகளுள் ஒன்றாகப் பல்லாண்டுகள் நீடித்தது. கிண்ணத்தின் மறுபக்கம் தானாக இறங்கிவிடுவதில்லை. அதனை இறக்குவதற்கு மக்களின் முயற்சியும் அரசின் கொள்கையும் தேவைப்படுகின்றன. அத்தகைய முயற்சி ஒன்றைப் புதுச்சேரி கண்டது.

ஆலைச் சங்கும் எட்டு மணி நேரமும்

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நூற்பு நெசவு ஆலைகள் தோன்றின. சவானா ஆலை, கெப்ளே ஆலை, ரோடியர் ஆலை ஆகிய மூன்றும் நகரின் பொருளாதாரத்தைத் தாங்கி நின்றன. இவையே பிற்காலத்தில் முறையே சுதேசி ஆலை, பாரதி ஆலை, ஏ.எஃப்.டி. ஆலை என வழங்கப்பட்டன. ஆலைச் சங்கின் ஒலியே நகரின் பொழுதை வகுத்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை பெற்றனர். ஆனால் வேலை நேரம் நீண்டது; கூலி குறைந்தது; சங்கம் அமைக்கும் உரிமை இல்லை.

1936ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு நாட்டில் தொழிலாளர்க்கு வாரத்திற்கு 40 மணி நேர வேலையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் சட்டமாயின. அதே பிரெஞ்சுக் கொடியின்கீழ் வாழ்ந்த புதுச்சேரித் தொழிலாளர்க்கு அவை எட்டாக்கனியாயின. வ. சுப்பையா உள்ளிட்டோரின் வழிகாட்டுதலில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். 1936 ஜூலை 30 அன்று அவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. பன்னிருவர் உயிர் நீத்தனர். அந்நாள் இன்றும் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

அவ்வுயிர்த்தியாகம் வீணாகவில்லை. 1937இல் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் புதுச்சேரியில் ஏற்கப்பட்டன. அப்போது பிரித்தானிய இந்தியாவில் நடைமுறையிலிருந்த 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்க இசைந்தது. 48 மணி நேர வாரம் அங்கு வந்தது 1946இல்தான். ஒரு சிறு நகரத்துத் தொழிலாளர்கள் பெரிய நாட்டுக்கு முன்னே நடந்தனர்.

வேலை நேரம் குறைந்தால் ஆலை நடவாது என்று அஞ்சியோர் உண்டு. ஆலைகளோ அதன் பின்னும் பல பத்தாண்டுகள் இயங்கின. உழைப்பாளிக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வு கிடைத்தவர்க்குப் படிக்கவும் கூடிப் பேசவும் பிள்ளைகளைப் பேணவும் நேரம் கிடைத்தது. வருவாய்ப் பங்கீடு என்பது பணத்தைப் பற்றியது மட்டுமன்று, நேரத்தைப் பற்றியதும் ஆகும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

வளர்ச்சி தடைபடும் நான்கு வழிகள்

மிகுந்த ஏற்றத்தாழ்வு வளர்ச்சியை எவ்வாறு தடுக்கிறது? நாம் கண்ட இரண்டாம் தெருவுக்குத் திரும்புவோம்.

முதலாவது வழி சந்தை. 70,000 ரூபாய் பெறும் குடும்பம் நான்கு குடும்பங்களுக்குத் தேவையான அரிசியை வாங்கப்போவதில்லை. நான்கு மிதிவண்டிகளையும் வாங்கப்போவதில்லை. தேவை உடைய நான்கு குடும்பங்களிடமோ பணம் இல்லை. எனவே அத்தெருமுனைக் கடைக்காரரின் விற்பனை சுருங்குகிறது. அவருக்குச் சரக்கு அனுப்பும் பட்டறையின் உற்பத்தி குறைகிறது. பட்டறையில் வேலை செய்பவரின் கூலியும் குறைகிறது. பொருளை ஆக்குவதற்கு ஆள் இருந்தும் வாங்குவதற்கு ஆள் இல்லாத நிலை இது.

இரண்டாவது வழி கல்வி. 4,000 ரூபாய் பெறும் வீட்டில் அறிவுக்கூர்மையுள்ள ஒரு சிறுமி இருக்கலாம். அவள் பள்ளிக்குச் செல்வதால் வரும் பயன் பத்தாண்டுகள் கழித்துக் கிட்டும். வேலைக்குச் செல்வதால் வரும் கூலி இன்று மாலையே கிட்டும். பசித்த வீடு மாலையைத்தான் தேர்ந்தெடுக்கும். அவ்வாறு இழக்கப்படுவது ஒரு மருத்துவராகவோ பொறியாளராகவோ இருக்கலாம். அவ்விழப்பு அவ்வீட்டுக்கு மட்டும் உரியதன்று; நாடு இழக்கும் மனித மூலதனம் அது. மனிதர் தம் ஆற்றலை வெளிப்படுத்தும் வாய்ப்பே வளர்ச்சியின் உண்மையான அளவுகோல் என்று, 1998இல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் தம் ஆய்வுகளில் வலியுறுத்தினார்.

மூன்றாவது வழி கடன். வங்கி ஈடு கேட்கிறது. நிலமும் நகையும் உள்ளவர்க்கு அது எளிது. வலை வாங்க விழையும் மீனவருக்கும் தையல் பொறி வாங்க விழையும் பெண்ணுக்கும் ஈடு ஏது? அவர்கள் நாள் வட்டிக்கும் வார வட்டிக்கும் கடன் பெறுகின்றனர். ஈட்டுவதெல்லாம் வட்டிக்கே சென்றுவிட, நல்ல தொழில் திட்டம் மனத்திலேயே மடிகிறது. செல்வரிடம் பணம் சோம்பிக் கிடக்க, ஏழையிடம் திறன் சோம்பிக் கிடக்கும் நிலை ஏற்படுகிறது.

நான்காவது வழி பொதுவாழ்வு. மிகு செல்வம் உள்ளோர் தமக்கெனத் தனிப்பள்ளியும் தனி மருத்துவமனையும் தனிக் குடிநீரும் அமைத்துக்கொள்கின்றனர். அதன்பின் பொதுப்பள்ளி சீர்கெட்டாலும் பொதுக்குழாய் வறண்டாலும் அவர்களைத் தாக்குவதில்லை. குரல் உள்ளவர்க்குக் குறையில்லை. குறை உள்ளவர்க்குக் குரலில்லை. பொதுநிறுவனங்கள் இவ்வாறு நலியும்போது மக்களிடையே நம்பிக்கை தேய்கிறது. நம்பிக்கை இல்லாத இடத்தில் தொழிலும் தழைப்பதில்லை.

ஒரு கையொப்பத்தின் விலை

ஏற்றத்தாழ்வு எப்போதும் உழைப்பின் வேறுபாட்டால் விளைவதன்று. இதற்கும் புதுச்சேரியே சான்று. 1954 நவம்பர் 1 அன்று இப்பகுதி இந்தியாவுடன் நடைமுறையில் இணைந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி இணைந்தது. அவ்வொப்பந்தப்படி விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம். சில ஆயிரம் பேர் தேர்ந்துகொண்டனர். பெரும்பான்மையோர் இந்தியக் குடிமக்களாயினர்.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ என்று அழைப்பர். அவர்களுக்கும் அவர்களுடைய துணைவியருக்கும் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வந்தது. அயல்நாட்டு நாணய மதிப்பில் வந்த அத்தொகை உள்ளூர்க் கூலியைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. அதனால் ஒரே தெருவில் ஒரே மொழி பேசி வாழ்ந்த இரு குடும்பங்களின் நிலை வெவ்வேறாயிற்று. ஒரு வீடு மாடி ஏற, அடுத்த வீடு கூரையிலேயே நின்றது. படைவீரர் பெற்றது அவர்தம் பணிக்குரிய ஊதியமே. அதில் குறைகாண இடமில்லை. ஆயினும் ஒருவர் பிறக்கும் வீடும் ஒருவர் இடும் கையொப்பமும் அடுத்தடுத்த தலைமுறைகளின் வாய்ப்பை எவ்வளவு மாற்றிவிடுகின்றன என்பதை இது காட்டுகிறது. உழைப்பால் வரும் வேறுபாட்டை மனம் ஏற்கும். வாய்ப்பின்மையால் வரும் வேறுபாட்டை ஏற்பது கடினம்.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசமைப்பின் 38ஆம் உறுப்பு, வருமானத்தில் காணப்படும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்க அரசு முயல வேண்டும் என்று கூறுகிறது. தகுநிலை, வசதிகள், வாய்ப்புகள் ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வுகளையும் நீக்க முயல வேண்டும் என்கிறது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தின் வழியாக இப்பகுதி சேர்க்கப்பட்டது.

இன்றைய வாய்க்கால்

இன்று வாய்க்காலின் கிழக்குக் கரையில் பழைய பிரெஞ்சு மாளிகைகள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ளன. வார இறுதிகளில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் பயணிகள் திரள்கின்றனர். சுற்றுலா பலருக்கு வேலை தருகிறது. ஆயினும் அவ்வேலைகளுள் பல நிலையற்றவை. பயணிகள் வராத பருவத்தில் கூலியும் வராது. நிலத்தின் மதிப்பு உயர, வாடகைக்குக் குடியிருப்போர் நகரின் விளிம்புக்கு நகர்கின்றனர். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள் கடலரிப்பால் தம் மணற்பரப்பை இழந்து, கருங்கற்களின் மறைவில் வாழ்கின்றன.

மறுபுறம், கடலூர்ச் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலை ஓசையற்றுக் கிடக்கிறது. பழைய இயந்திரங்கள், விசைத்தறிகளின் போட்டி, தொடர் நட்டம் ஆகியவற்றால் நலிந்த அது, 2011 டிசம்பரில் வீசிய தானே புயலால் மேலும் சிதைந்தது. 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளின் சங்கும் இன்று ஒலிப்பதில்லை. நியாயமான கூலியைப் போராடிப் பெற்ற நகரம், அக்கூலியைத் தந்த தொழிலைப் புதுப்பிக்கத் தவறியது. பகிர்வின்றி வளர்ச்சி நிலைக்காது. அதுபோல, முதலீடும் புதிய தொழில்நுட்பமும் இன்றிப் பகிர்வும் நிலைக்காது. இவ்விரு பாடங்களையும் ஒருசேரக் கற்றல் வேண்டும்.

சமன் செய்யும் கருவிகள்

உள்ளவரிடமிருந்து பறித்து இல்லாதவருக்குக் கொடுப்பதே ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வழி என்று கருத வேண்டியதில்லை. அனைவரும் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்குமாறு செய்வதே முதன்மையானது. 1950களில் காமராசர் ஆட்சியில் தமிழகத்தில் பரவிய பள்ளி மதிய உணவுத் திட்டம் இதற்குச் சிறந்த சான்று. வயிறு நிறைந்த பிள்ளைகள் வகுப்பறையை நிறைத்தனர். மாலைக் கூலியா, நாளைக் கல்வியா என்று தயங்கிய வீடுகளின் கணக்கை ஒரு வேளை உணவு மாற்றிவிட்டது.

மருத்துவமும் அத்தகையதே. ஒரு நோய் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை ஒரே வாரத்தில் கரைத்துவிடும். புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை பிரெஞ்சுக் காலத்து மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. அதன் வாயிலில் விடியற்காலையில் காத்திருப்போருள் புதுச்சேரி மக்களும் அண்டை மாவட்டத்து உழவரும் உள்ளனர். அங்குக் கிடைக்கும் சிகிச்சை அவர்களைக் கடனிலிருந்தும் காக்கிறது. உயர்கல்வியிலும் இவ்வழி பின்பற்றப்படுகிறது. அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் வழங்கியது. புதுச்சேரியில் 2023இல் 10 விழுக்காடு நடைமுறைக்கு வந்தது. நாம் முன்பு கண்ட அச்சிறுமிக்கு இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது.

நியாயமான குறைந்தபட்சக் கூலி, மகளிர் தன்னுதவிக் குழுக்கள் வழியே ஈடில்லாக் கடன், வருமானத்திற்கேற்ற வரி, தரமான அரசுப்பள்ளி ஆகிய அனைத்தும் அவ்வகைக் கருவிகளே. இவை செலவாகத் தோன்றும்; உண்மையில் இவை முதலீடு. விதைநெல்லை உண்டு தீர்த்த உழவர் அடுத்த பருவத்தில் விளைவிக்க இயலாது. ஒரு தலைமுறையின் திறனை வீணடித்த நாடும் அத்தகையதே.

பெரிய வாய்க்காலின்மீது இன்று பல இடங்களில் குறுக்குப் பாதைகள் உள்ளன. பள்ளி மாணவரும் மீன்விற்கும் பெண்களும் பயணிகளும் தடையின்றிக் கடந்து செல்கின்றனர். கால்கள் கடப்பது எளிதாகிவிட்டது. வாழ்வு கடப்பதுதான் இன்னும் கடினமாக உள்ளது. மேற்குக் கரையில் பிறந்த பிள்ளை தன் திறனால் மட்டுமே எக்கரையையும் அடைய முடியும் என்னும் நாளில்தான் வளர்ச்சி என்னும் சொல் தன் முழுப்பொருளைப் பெறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் ஒரு பொருளுக்கான தேவை மக்களின் வருமானத்தைப் பொறுத்து எவ்வாறு மாறுகிறது என்பதைக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. ‘முதலில் வளர்வோம், பிறகு பகிர்வோம்’ என்னும் கருத்தை ஆதரித்தும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரில் மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றிலோ நலிந்த கைத்தொழில் ஒன்றிலோ பணியாற்றிய முதியவரைச் சந்தித்து, அத்தொழில் அவர் குடும்பத்தின் கல்வியையும் வாழ்வையும் எவ்வாறு மாற்றியது என்பதைக் கட்டுரையாக்குக.